அடுக்கு நிக்கல் ஆக்சைடுகள்: மின்பண்புகளும் காந்தப்பண்புகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி வேதியியலையும் இளங்கலை அளவிலான இயற்பியலையும் கற்ற ஒருவர் தடையின்றி வாசிக்கத்தக்க வகையில் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. சேர்மங்களை, இத்துறையில் உழைப்போரின் வழக்கப்படி, அவற்றிலுள்ள அணுக்களின் எண்ணிக்கையாலேயே குறிப்பிடுகிறோம். 3-2-7 என்றால் அருமண் தனிமத்தின் அணுக்கள் 3, நிக்கல் 2, ஆக்சிஜன் 7 என்று கொள்ள வேண்டும். அருமண் எதுவென்று தனியே சொல்லாத இடங்களில் அது லாந்தனம். வெப்பநிலைகள் பெரும்பாலும் கெல்வினில் தரப்பட்டுள்ளன.

அடுக்கு நிக்கல் ஆக்சைடுகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஒவ்வொரு நிக்கல் அணுவும் ஒரே தளத்தில் நான்கு ஆக்சிஜன் அணுக்களால் சூழப்பட்டு, அந்தச் சதுரங்கள் மூலையோடு மூலை இணைந்து விரிந்த தளங்களாக அமைந்திருக்கும் சேர்மங்களே இங்கே பேசப்படுபவை. தளங்களுக்கு இடையில் லாந்தனம், பிரசியோடிமியம், நியோடிமியம் போன்ற அருமண் அணுக்கள் அமர்ந்திருக்கும்.

இவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதலாவது ருடில்ஸ்டன்–பாப்பர் வரிசை. இதில் நிக்கலுக்குத் தளத்தில் உள்ள நான்கு ஆக்சிஜன்களோடு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆக்சிஜன்கள் சேர்ந்து எண்முகி உருவாகிறது. அத்தகைய எண்முகி அடுக்கு ஒன்று தனித்து நின்றால் 2-1-4, இரண்டு ஒட்டி நின்றால் 3-2-7, மூன்று ஒட்டி நின்றால் 4-3-10 கிடைக்கும். அடுக்குகள் முடிவின்றித் தொடர்ந்தால் அது 1-1-3 எனப்படும் பெரோவ்ஸ்கைட்டு. இரண்டாவது குடும்பம் முதலாவதிலிருந்து பிறப்பது. மேலும் கீழும் இருந்த ஆக்சிஜன்களை வேதிமுறையில் நீக்கிவிட்டால், சதுரத் தளங்கள் மட்டும் எஞ்சிய 4-3-8, 6-5-12, 1-1-2 ஆகியவை கிடைக்கின்றன. இவற்றுள் 1-1-2 சேர்மத்தை 'முடிவிலா அடுக்கு' நிக்கலேட்டு என்பார்கள்.

நிக்கலின் ஆக்சிஜனேற்ற நிலைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

இந்தச் சேர்மங்களின் மின்பண்பும் காந்தப்பண்பும் நிக்கலின் 3டி ஆர்பிட்டால்களில் எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளன என்பதைப் பொறுத்தே அமைகின்றன. அருமண் பொதுவாக +3, ஆக்சிஜன் −2 என்று வைத்துக் கணக்கிட்டால், 2-1-4 சேர்மத்தில் நிக்கல் +2, 3-2-7 சேர்மத்தில் சராசரியாக +2.5, 4-3-10 சேர்மத்தில் ஏறத்தாழ +2.67, 1-1-3 சேர்மத்தில் +3 என்று வரும். ஆக்சிஜன் நீக்கப்பட்ட குடும்பத்தில் 1-1-2 சேர்மத்தில் +1, 6-5-12 சேர்மத்தில் +1.2, 4-3-8 சேர்மத்தில் +1.33. எலக்ட்ரான் எண்ணிக்கையாகச் சொன்னால், 3டி ஆர்பிட்டால்களில் ஏழு முதல் ஒன்பது வரையிலான முழு நெடுக்கத்தையும் ஒரே தனிமம் அடைத்து நிற்கிறது.

வேறு எந்தத் தனிமத்தின் அடுக்கு ஆக்சைடுகளிலும் இவ்வளவு வசதியான ஏணி எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அதே வசதிதான் இத்துறையின் பெரிய தலைவலியும்கூட: ஆக்சிஜன் அளவு சற்றே பிசகினால் எலக்ட்ரான் கணக்கும் பிசகும்.

அடுக்கற்ற சாதாரண நிக்கல் ஆக்சைடைப் பற்றி முதலில் அறிந்துகொள்ள வேண்டுமா?

சுருக்கமாகவேனும் அறிந்திருப்பது நல்லது. ஒரு நிக்கலுக்கு ஓர் ஆக்சிஜன் கொண்ட அந்தப் பச்சைநிறப் பொருளில் 3டி ஆர்பிட்டால்கள் முழுமையாக நிரம்பாததால், எளிய பட்டைக் கோட்பாட்டின்படி அது உலோகமாக இருந்திருக்க வேண்டும். உண்மையில் அது ஏறத்தாழ 4 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளி கொண்ட மின்காப்புப் பொருள். இந்த முரணை 1937இல் டி போர், வெர்வே ஆகிய இருவரும் சுட்டிக்காட்டினர். ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் நெருங்கும்போது எழும் விலக்கமே காரணமாகலாம் என்று மாட், பையர்ல்ஸ் ஆகியோர் அதே ஆண்டில் விளக்கம் தந்தனர். எலக்ட்ரான் நிக்கலிலிருந்து நிக்கலுக்குத் தாவுவதைவிட ஆக்சிஜனிலிருந்து நிக்கலுக்குத் தாவுவதற்குக் குறைந்த ஆற்றல் போதும் என்ற நிலையும் இருக்கக்கூடும் என்பதை 1985இல் ஜானன், சவாட்ஸ்கி, ஆலன் ஆகியோர் வகைப்படுத்திக் காட்டினர். அடுக்கு நிக்கலேட்டுகள் பற்றிய இன்றைய விவாதங்களில் பெரும்பகுதி இன்னும் அந்த வகைப்பாட்டின் சொற்களிலேயே நடக்கிறது.

காந்தப்பண்பில் இது எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள். ஏறத்தாழ 523 கெல்வின் வரை, அதாவது 250 டிகிரி செல்சியஸ் வரை, அண்டைத் தளங்களின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிர்த் திசையில் ஒழுங்காக நிற்கின்றன.

2-1-4 நிக்கலேட்டு, அதே அமைப்புள்ள தாமிர ஆக்சைடைப் போல ஏன் மீக்கடத்தியாவதில்லை?

இது மிக நியாயமான கேள்வி. 1986இல் பெட்நார்ஸும் முல்லரும் லாந்தனம்–பேரியம்–தாமிர ஆக்சைடில் மீக்கடத்தலை, அதாவது குளிர்விக்கும்போது மின்தடை முற்றிலும் மறைவதைக் கண்டறிந்தார்கள். அதற்கு முன் அவர்கள் தேடத் தொடங்கியதே நிக்கல் ஆக்சைடுகளில்தான். அங்கே பலன் கிட்டாததால்தான் தாமிரத்துக்கு மாறினார்கள். தாமிரத்தில் வெற்றி கிடைத்த பிறகு, அதே படிக அமைப்பில் தாமிரத்தின் இடத்தில் நிக்கலை வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தோன்றிய அடுத்த அடியாக இருந்தது. லாந்தனத்தில் ஒரு பகுதியை ஸ்ட்ரான்சியத்தால் பதிலீடு செய்து மின்துளைகளைப் புகுத்தினார்கள். தாமிர ஆக்சைடில் சுமார் 5 விழுக்காடு துளைகளே எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கைக் குலைத்து மீக்கடத்தலுக்கு வழிவிடப் போதுமானவை. நிக்கலேட்டிலோ, நிக்கல் ஒன்றுக்கு ஒரு துளையை நெருங்கும்வரை பொருள் உலோகமாகவே மாறவில்லை.

காரணம் எலக்ட்ரான் கணக்கில் இருக்கிறது. தாமிரத்தில் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று, தற்சுழற்சி 1/2. +2 நிலையிலுள்ள நிக்கலில் இணையற்ற எலக்ட்ரான்கள் இரண்டு. ஒன்று தளத்தில் விரிந்த டி எக்ஸ்²−ஒய்² ஆர்பிட்டாலிலும், மற்றொன்று தளத்துக்குச் செங்குத்தான டி இசட்² ஆர்பிட்டாலிலும் இருக்கும். மொத்தத் தற்சுழற்சி 1. பெரிய தற்சுழற்சிகளின் நடுவே நகரும் துளை, தன்னைச் சுற்றியுள்ள காந்த ஒழுங்கையும் படிகக்கூட்டின் அதிர்வுகளையும் இழுத்துக்கொண்டு நகர வேண்டியிருப்பதால் எளிதில் சிறைப்படுகிறது. அண்டை நிக்கல்களுக்கிடையிலான காந்தப் பிணைப்பும் இங்கே வலுக்குறைவு. தாமிர ஆக்சைடுகளில் அது ஏறத்தாழ 130 மில்லி எலக்ட்ரான்வோல்ட். 2-1-4 நிக்கலேட்டில் சுமார் 30.

சிறைப்பட்ட துளைகள் தாறுமாறாகச் சிதறிக்கிடப்பதில்லை. அவை தளத்தில் மூலைவிட்டத் திசையில் கோடுகளாக அணிவகுக்கின்றன. கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு நிலவுகிறது. ஒரு கோட்டைக் கடக்கும்போது அந்தக் காந்த ஒழுங்கின் கட்டம் தலைகீழாகிறது. இதனை 'வரி ஒழுங்கு' எனலாம். மூன்று நிக்கலுக்கு ஒரு துளை என்ற அளவில் இது மிக உறுதியாக அமைகிறது. அங்கே மின்னூட்ட ஒழுங்கு ஏறத்தாழ 240 கெல்வினிலும், தற்சுழற்சி ஒழுங்கு ஏறத்தாழ 190 கெல்வினிலும் தோன்றுகின்றன. மின்னூட்டம் முதலில், காந்தம் பிறகு என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ட்ரான்குவாடாவும் அவருடன் பணியாற்றியோரும் நியூட்ரான் சிதறல் மூலம் நிக்கலேட்டில் இதைத் தெளிவுபடுத்திய பின்னரே, 1995இல், தாமிர ஆக்சைடிலும் இத்தகைய ஒழுங்கைக் கண்டனர். ஆகவே 2-1-4 நிக்கலேட்டை மீக்கடத்தியாகாமல் தோற்றுப்போன பொருள் என்று ஒதுக்குவது சரியன்று. தாமிர ஆக்சைடுகளில் எதைத் தேட வேண்டும் என்று காட்டியதே அதுதான்.

1-1-3 பெரோவ்ஸ்கைட்டு அடுக்குப் பொருள் இல்லையே, அதை ஏன் இதனோடு சேர்க்கிறார்கள்?

அது அடுக்கு வரிசையின் எல்லைப் புள்ளி என்பதாலும், முடிவிலா அடுக்கு நிக்கலேட்டு அதிலிருந்தே செய்யப்படுகிறது என்பதாலும் சேர்க்கிறார்கள். லாந்தனம் கொண்ட 1-1-3 எவ்வளவு குளிர்வித்தாலும் உலோகமாகவே இருக்கிறது. பிரசியோடிமியம் கொண்டது சுமார் 130 கெல்வினிலும், நியோடிமியம் கொண்டது சுமார் 200 கெல்வினிலும் காப்புப் பொருளாக மாறுகின்றன. அதே வெப்பநிலையில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கும் தோன்றுகிறது. சமாரியத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன: காப்பு நிலை சுமார் 400 கெல்வினில், காந்த ஒழுங்கு சுமார் 225 கெல்வினில். அருமண் அயனி சிறியதாகச் சிறியதாக நிக்கல்–ஆக்சிஜன்–நிக்கல் கோணம் மேலும் வளைவதே இந்த வேறுபாட்டுக்கு அடிப்படை. இந்தக் கோணம் 3-2-7 பற்றிய கேள்வியிலும் வரும்.

2019ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு எது? அதற்கு ஏன் அத்தனை காலம் பிடித்தது?

+1 நிலையில் நிக்கலுக்கு 3டி எலக்ட்ரான்கள் ஒன்பது. தாமிர ஆக்சைடுகளில் உள்ள +2 தாமிரத்துக்கும் ஒன்பதே. எனவே 1-1-2 நிக்கலேட்டு தாமிர ஆக்சைடுகளுக்கு நேரான இணையாக அமையலாம் என்று 1999இல் அனிசிமோவ், புக்வலோவ், ரைஸ் ஆகியோர் கணித்தனர். சேர்மம் அப்போது புதிதன்று. பிரான்ஸைச் சேர்ந்த கிரெஸ்பினும் உடன்பணியாளர்களும் 1983இலேயே லாந்தனம் கொண்ட 1-1-2 சேர்மத்தைத் தயாரித்திருந்தார்கள். ஆனால் அது தூளாகவே கிடைத்தது. மீக்கடத்தல் எதையும் காட்டவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் ஹெரால்ட் ஹ்வாங்கின் குழுவில் டான்ஃபெங் லியும் பிறரும் வேறு வழியை எடுத்தார்கள். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டுப் படிகத்தின் மேல், நியோடிமியத்தில் 20 விழுக்காட்டை ஸ்ட்ரான்சியத்தால் பதிலீடு செய்த 1-1-3 மென்படலத்தை லேசர் முறையில் வளர்த்தார்கள். பின்னர் அதைக் கால்சியம் ஹைட்ரைடோடு சேர்த்து மூடி, 300 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த வெப்பநிலையில் சூடாக்கினார்கள். ஹைட்ரைடு, மேலும் கீழும் உள்ள ஆக்சிஜன்களை மட்டும் உறிஞ்சிக்கொண்டது. தறியில் பாவு நூல்களைக் குலைக்காமல் ஊடை நூல்களில் சிலவற்றை மட்டும் உருவி எடுப்பது போன்ற வேலை இது; வெப்பம் சற்றுக் கூடினால் மொத்தமும் பிரிந்து நிக்கல் உலோகமாகவும் அருமண் ஆக்சைடாகவும் சிதைந்துவிடும். இவ்வாறு கிடைத்த மென்படலம் 9 முதல் 15 கெல்வின் வரையிலான வெப்பநிலையில் மீக்கடத்தியானது. 2019 ஆகஸ்டில் முடிவு வெளியானது.

பிறகு பிரசியோடிமியம், லாந்தனம் கொண்ட வகைகளும் மீக்கடத்திகளாயின. 2021இல், ஸ்ட்ரான்சியம் எதுவும் சேர்க்காமலேயே, ஐந்தடுக்கு அமைப்பால் மட்டும் தேவையான எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கொடுக்கும் நியோடிமியம் 6-5-12 சேர்மத்தில் சுமார் 13 கெல்வினில் மீக்கடத்தல் காணப்பட்டது. என் மதிப்பீட்டில் இதுவே அக்காலத்தின் மிகத் தெளிவான சான்று. மாசூட்டியதால் வந்த விளைவு, ஸ்ட்ரான்சியத்தின் விளைவு என்றெல்லாம் சொல்ல இடமின்றி, எலக்ட்ரான் கணக்கே காரணம் என்பதை அது காட்டிவிட்டது. 2025இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரியாண்டோவின் குழு, சமாரியம் கொண்ட முடிவிலா அடுக்கு நிக்கலேட்டில் மீக்கடத்தலை 40 கெல்வினுக்கு அருகே கொண்டுசென்றது.

தாமிர ஆக்சைடுகளோடு உள்ள ஒப்புமை எவ்வளவு தூரம் செல்லும்?

எலக்ட்ரான் எண்ணிக்கை, சதுரத் தளம், டி எக்ஸ்²−ஒய்² ஆர்பிட்டாலின் முதன்மை, துளைகளின் அளவுக்கேற்ப மீக்கடத்தும் வெப்பநிலை மேடுபோல் ஏறி இறங்குவது ஆகிய நான்கிலும் ஒப்புமை உண்டு. வேறுபாடுகளைப் புறக்கணிக்கக் கூடாது. தாமிர ஆக்சைடுகளில் ஆக்சிஜனின் ஆற்றல் மட்டம் தாமிரத்தினதுக்கு அருகில் இருப்பதால், புகுத்தப்படும் துளை பெரும்பாலும் ஆக்சிஜனிலேயே அமர்கிறது. 1-1-2 நிக்கலேட்டில் அவ்விரண்டுக்குமான இடைவெளி கணிசமாகப் பெரிது. எனவே துளை பெரும்பாலும் நிக்கலிலேயே தங்குகிறது. மேலும், அருமண் அணுவின் 5டி பட்டைகளும் கடத்தலில் பங்கு பெறுகின்றன. அவை நிக்கல் பட்டையிலிருந்து சில எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்கின்றன. இதனால் துளையே புகுத்தாத 1-1-2 சேர்மமும் உண்மையான காப்புப் பொருளாக இல்லாமல், அறை வெப்பநிலையில் மோசமான உலோகம் போல நடந்துகொண்டு, குளிரும்போது மின்தடையில் மெல்லிய ஏற்றத்தைக் காட்டுகிறது. +1 நிக்கலும் +2 தாமிரமும் ஒன்றல்ல என்று லீயும் பிக்கெட்டும் 2004இலேயே எச்சரித்திருந்தார்கள்.

பொருளைத் தேடுவதற்கு ஒப்புமை நல்ல வழிகாட்டியாக இருந்தது. தேடிக் கிடைத்ததைப் புரிந்துகொள்ள அதையே அளவுகோலாக வைத்தால் தவறான கேள்விகளையே கேட்டுக்கொண்டிருப்போம். 3-2-7 வந்த பிறகு இது இன்னும் தெளிவாயிற்று.

முடிவிலா அடுக்கு நிக்கலேட்டுகளில் காந்த ஒழுங்கு உண்டா?

தாமிர ஆக்சைடுகளின் தாய்ச் சேர்மங்களில் காணப்படுவது போன்ற நெடுந்தொலைவு எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு இவற்றில் காணப்படவில்லை. லாந்தனம் 1-1-2 தூளில் நடத்திய நியூட்ரான் சோதனைகளில், சில கெல்வின் வரை குளிர்வித்தும் அத்தகைய ஒழுங்கு தென்படவில்லை. ஆனால் ஒழுங்கு இல்லை என்பதற்காகக் காந்தமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2021இல் நியோடிமியம் 1-1-2 மென்படலத்தில் எக்ஸ் கதிர் ஒத்ததிர்வுச் சிதறல் மூலம், தளத்தில் பரவும் தற்சுழற்சி அலைகள் நேரடியாகக் காணப்பட்டன. அவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 200 மில்லி எலக்ட்ரான்வோல்ட் வரை எழுந்தது. அதிலிருந்து கணித்த காந்தப் பிணைப்பு சுமார் 64 மில்லி எலக்ட்ரான்வோல்ட், அதாவது தாமிர ஆக்சைடுகளில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. மியூவான் என்னும் துகள்களைப் பொருளுக்குள் செலுத்தி உள்ளே நிலவும் காந்தப்புலத்தை அறியும் மியூவான் சோதனைகள், மீக்கடத்தும் மென்படலங்களிலும் உள்ளார்ந்த காந்தம் உடன்வாழ்கிறது என்று காட்டின.

ஓர் எச்சரிக்கை: நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகியவற்றின் 4எஃப் எலக்ட்ரான்களுக்கும் அவற்றுக்கே உரிய காந்தம் உண்டு, லாந்தனத்துக்கு இல்லை. காந்தப் புலத்தில் மீக்கடத்தல் எவ்வாறு அழிகிறது என்பது இம்மூன்று வகைகளிலும் வேறுபடுவதற்கு இது காரணம். நிக்கலின் காந்தத்தை மட்டும் படிக்க விரும்புபவர் லாந்தன வகையில் தொடங்குவது நல்லது.

மென்படலத்தில் மட்டும்தான் மீக்கடத்தல் வருகிறது என்பது உண்மையா?

ஸ்ட்ரான்சியம் சேர்த்த 1-1-2 வகையின் தூள் மாதிரிகள் காப்புப் பொருளாகவே இருந்தன. பருமனான துண்டிலிருந்து ஆக்சிஜனை ஒரே சீராக நீக்குவது கடினம் என்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மென்படலத்தில் அடித்தளப் படிகம் மேலே உள்ள அடுக்கின் அணு இடைவெளியை இறுகப் பற்றிக்கொள்வதால் அமைப்பு சிதையாமல் நிற்கிறது. அடித்தளத்தின் பங்கு அதற்கு மேலும் உண்டு: அணு இடைவெளி பொருந்தும் வேறு அடித்தளத்துக்கு மாறியபோது குறைபாடுகள் வெகுவாகக் குறைந்து, முன்பு மறைந்திருந்த, வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறும் மின்தடை வெளிப்பட்டது.

3-2-7 ஏன் 2023இல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது?

குவாங்சோவிலுள்ள சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தின் மெங் வாங் குழு, லாந்தனம் 3-2-7 ஒற்றைப் படிகங்களை வைர முனைகளுக்கிடையே நசுக்கி, 14 கிகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தத்தில், ஏறத்தாழ 80 கெல்வினில் மீக்கடத்தலின் அறிகுறிகளைக் கண்டது. 14 கிகாபாஸ்கல் என்பது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1,40,000 மடங்கு. ஹைட்ரஜன் செறிந்த ஹைட்ரைடுகளை விட்டுவிட்டால், தாமிர ஆக்சைடுகளுக்கு அடுத்து, திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினைத் தாண்டிய குடும்பம் இது.

இங்கே வியப்புக்குரியது வெப்பநிலை மட்டுமன்று. 3-2-7 சேர்மத்தில் நிக்கல் +2.5 நிலையில் இருக்கிறது. 3டி எலக்ட்ரான்கள் ஏழரை. தாமிர ஆக்சைடுகளின் ஒன்பதிலிருந்து இது வெகு தொலைவு. மேலும் கீழும் உள்ள ஆக்சிஜன்களும் நீக்கப்படவில்லை. இருந்தும் மீக்கடத்தும் வெப்பநிலை, தாமிர ஆக்சைடுகளை அச்சாகப் பின்பற்றிய 1-1-2 நிக்கலேட்டைவிடப் பல மடங்கு உயர்வு.

இதற்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இரட்டை அடுக்கிலிருந்து தொடங்குகிறது. ஒட்டி நிற்கும் இரண்டு தளங்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் பொதுவாக இருக்கிறது. மேல்தள நிக்கலின் டி இசட்² ஆர்பிட்டாலும் கீழ்த்தள நிக்கலின் டி இசட்² ஆர்பிட்டாலும் அந்த ஆக்சிஜன் வழியாக வலுவாகக் கலந்து, தாழ்ந்த பிணைப்பு நிலையாகவும் உயர்ந்த எதிர்ப்பிணைப்பு நிலையாகவும் பிரிகின்றன. சாதாரண அழுத்தத்தில் நிக்கல்–ஆக்சிஜன்–நிக்கல் கோணம் சுமார் 168 டிகிரியாக வளைந்திருக்கிறது. அழுத்தத்தில் அது 180 டிகிரிக்கு நிமிர்ந்து, படிகத்தின் சமச்சீரும் உயர்கிறது. கோணம் நிமிர்ந்தால் தளங்களுக்கிடையிலான காந்தப் பிணைப்பு வலுப்பெறும். அந்தப் பிணைப்பே எலக்ட்ரான்களை இணையாக்குகிறது என்பது ஒரு சாராரின் கருத்து. டி இசட்² பிணைப்பு நிலையின் பட்டை ஃபெர்மி மட்டத்தைத் தொட வேண்டுமா, தொடாமலே மீக்கடத்தல் நிகழுமா என்பதில் கோட்பாட்டாளர்களுக்கும் சோதனையாளர்களுக்கும் இடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. சாதாரண அழுத்தத்தில் அது ஃபெர்மி மட்டத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி எலக்ட்ரான்வோல்ட் கீழே கிடப்பதாக ஒளிமின் உமிழ்வு அளவீடுகள் காட்டியுள்ளன. அழுத்தக் கலத்துக்குள் அதே அளவீட்டைச் செய்ய வழியில்லை என்பதே சிக்கல்.

அழுத்தமில்லாத நிலையில் 3-2-7 எப்படி நடந்துகொள்கிறது?

உலோகமாகவே இருக்கிறது, ஆனால் ஏறத்தாழ 150 கெல்வினுக்குக் கீழே தற்சுழற்சி அடர்த்தி அலை ஒன்று தோன்றுகிறது. மியூவான் சோதனையும் எக்ஸ் கதிர் ஒத்ததிர்வுச் சிதறலும் இதை உறுதிப்படுத்தின. அதாவது காந்தத் திருப்புத்திறன், எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் போல அணுவுக்கு அணு தலைகீழாகாமல், நான்கு நிக்கல் சதுரங்களுக்கு ஒரு முறை திரும்ப வரும் அலையாக மூலைவிட்டத் திசையில் படர்கிறது. தளத்துக்குள் உள்ள காந்தப் பிணைப்பைவிடத் தளங்களுக்கு இடையிலானது பன்மடங்கு வலிது என்பதும் அச்சிதறல் அளவீடுகளிலிருந்து தெரியவந்தது. காந்த ஒழுங்கு விலகும் இடத்தின் அருகே மீக்கடத்தல் தோன்றுவது தாமிர, இரும்புக் குடும்பங்களில் பழகிப்போன காட்சி.

மூன்றடுக்குச் சேர்மங்கள்?

4-3-10 சேர்மத்தில் சுமார் 140 கெல்வினில் மின்னூட்ட அலையும் தற்சுழற்சி அலையும் பின்னிப்பிணைந்து தோன்றுகின்றன. மூன்று தளங்களில் நடுத்தளத்தில் தற்சுழற்சி அலையின் வீச்சு இல்லாமற்போகிறது. 69 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் அது சுமார் 30 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. இதன் மீக்கடத்தும் பருமப் பங்கு 80 விழுக்காட்டுக்கும் மேல் என்று அளக்கப்பட்டது முக்கியம்.

ஆக்சிஜன் நீக்கிய 4-3-8 இன்னும் நுட்பமானது. லாந்தனம் கொண்டது 105 கெல்வினில் வரி ஒழுங்கு கொண்ட காப்புப் பொருளாகிறது. பிரசியோடிமியம் கொண்டதோ அதே எலக்ட்ரான் கணக்கோடு உலோகமாகவே தொடர்கிறது.

அழுத்தமே இல்லாமல் 3-2-7 வகையை மீக்கடத்தியாக்க முடியாதா?

முடிந்திருக்கிறது. ஸ்ட்ரான்சியம் லாந்தனம் அலுமினேட்டு என்ற அடித்தளப் படிகத்தின் அணு இடைவெளி 3-2-7 சேர்மத்தினதைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவு. அதன் மேல் மிக மெல்லிய படலமாக வளர்த்தால், படலம் பக்கவாட்டில் இறுக்கப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டு குழு இவ்வகைப் படலங்களில் 26 முதல் 42 கெல்வின் வரை மீக்கடத்தல் தொடங்குவதைக் கண்டது. ஷென்சென் நகரின் தென் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு பிரசியோடிமியம் கலந்த படலங்களில் 40 கெல்வினைத் தாண்டியது. இரண்டும் 2025இல் அச்சாயின. வைர முனைகளில் பக்கவாட்டோடு செங்குத்துத் திசையும் சேர்ந்து நசுங்குகிறது. படலத்தில் பக்கவாட்டு இறுக்கத்தால் செங்குத்துத் திசை நீளவே செய்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே நிலையாகக் கருதக் கூடாது. ஆயினும் ஒளிமின் உமிழ்வு போன்ற, அழுத்தக் கலத்துக்குள் செய்யவியலாத அளவீடுகளுக்கு இப்படலங்கள் கதவைத் திறந்துவிட்டன.

ஒரே சேர்மத்துக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு முடிவுகளைத் தருவது ஏன்?

முதற்காரணம் ஆக்சிஜன். ஏழு ஆக்சிஜன் என்று எழுதினாலும் மாதிரியில் இருப்பது சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம். 3-2-7 சேர்மத்தில் எளிதில் விடுபட்டுப்போவது இரு தளங்களுக்கும் பொதுவான அந்த நடு ஆக்சிஜனே. காந்தப் பிணைப்பின் பாலமும் அதுவே.

இரண்டாவது, அடுக்கு வரிசைப் பிசகு. இரட்டை அடுக்கு வளரும் அதே நிலைமைகளில், ஓரடுக்கும் மூன்றடுக்கும் மாறி மாறி வரும் 1-3-1-3 எனப்படும் இன்னொரு வடிவமும் வளர்கிறது. அணுக்களின் விகிதம் இரண்டிலும் 3-2-7தான். எனவே வேதிப்பகுப்பாய்வால் வேறுபாடு தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியோ நுட்பமான எக்ஸ் கதிர் விளிம்பு விலகலோ தேவை. லாந்தனத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிரசியோடிமியமாக்கினால் இந்தப் பிசகு வெகுவாக அடங்குகிறது. அத்தகைய மாதிரியில் 82.5 கெல்வினில் மீக்கடத்தல் தொடங்கி, 60 கெல்வினில் மின்தடை சுழியானது.

'மீக்கடத்தல் கண்டோம்' என்ற புதிய அறிவிப்பை எப்படி எடைபோடுவது?

மின்தடை சரிவதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. அது உண்மையிலேயே சுழியை எட்டியதா, காந்தப்புலம் கூடும்போது சரிவு குறைந்த வெப்பநிலைக்கு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, காந்தப் பாயத்தை வெளித்தள்ளும் மெய்ஸ்னர் விளைவு அளக்கப்பட்டுள்ளதா, எத்தனை விழுக்காடு பருமன் அதில் பங்கேற்கிறது என்று கேட்க வேண்டும். மெல்லிய இழைகளாக ஓடும் மீக்கடத்தலும் மின்தடையைச் சுழியாக்கிவிடும். 3-2-7 பற்றிய தொடக்க ஆண்டுச் சர்ச்சை முழுவதும் இதைச் சுற்றியே நடந்தது: முதல் அளவீடுகளில் மின்தடை முழுச் சுழியாகவில்லை, அழுத்தத்தைச் சீராகப் பரப்பும் திரவ ஊடகத்தைப் பயன்படுத்திய பின்னரே சுழி மின்தடை கிடைத்தது.

லித்தியம் பேட்டரிகளில் உள்ள நிக்கல் ஆக்சைடும் அடுக்குப் பொருள்தானே? அதற்கும் இவை பொருந்துமா?

அடுக்குப் பொருள்தான், ஆனால் தளத்தின் வடிவம் வேறு. லித்தியம் நிக்கல் ஆக்சைடில் எண்முகிகள் மூலையால் அன்றி விளிம்பால் இணைகின்றன. நிக்கல்கள் சதுரமாக அன்றி முக்கோண வலையாக அமர்கின்றன. நிக்கல்–ஆக்சிஜன்–நிக்கல் கோணம் 90 டிகிரிக்கு அருகே இருப்பதால், நேர்க்கோட்டுப் பிணைப்பில் வரும் வலுவான எதிர்ஃபெர்ரோ காந்தம் இங்கே வராது. லித்தியத்தின் இடத்தில் சில நிக்கல் அணுக்கள் புகுந்துவிடுவது வழக்கம். அதனால் காந்தப்பண்பு மாதிரிக்கு மாதிரி மாறுகிறது, தெளிவான நெடுந்தொலைவு ஒழுங்கும் கிடைப்பதில்லை. சோடியம் அளவில் பெரிய அயனியாதலால் சோடியம் நிக்கல் ஆக்சைடில் இந்தக் கலப்பு நிகழ்வதில்லை. அது சுமார் 480 கெல்வினில் எண்முகிகள் ஒருசேர நீளும் யான்–டெல்லர் மாற்றத்துக்கு உள்ளாகி, சுமார் 20 கெல்வினில், தளத்துக்குள் ஒரே திசையிலும் அடுத்தடுத்த தளங்களில் எதிர்த்திசையிலும் அமைந்த காந்த ஒழுங்கை அடைகிறது.